துணியில் படுத்திருந்தவள்

பெங்களூரில் இயற்கைத் துணி விற்கும் கடையொன்றில் கொள்முதல் பார்க்கும் பெண் ஒருத்தி போன மாதம் எனக்குப் போன் செய்தாள். நெசவாளர்களிடம் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். பஞ்சு எங்கிருந்து வருகிறது, ப்ளீச்சிங் உண்டா, கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது, குழந்தைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா. எல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது.

"வேற ஏதாவது விட்டுட்டேனா ஆன்ட்டி?" என்றாள்.

"நெய்ஞ்ச துணிய எங்க வைக்கிறாங்க, அதுமேல யாரு படுக்கிறாங்கன்னு கேளும்மா" என்றேன்.

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். அவளுக்குப் போனில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் மரத்தில் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தார். வீட்டுக்காரர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். சுரங்கம் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், காலியாகக் கிடந்த ஒரு பழைய ஸ்டோர் கட்டிடத்தை வாடகைக்கு எடுத்து ஹெலன் மேடம் துணிக்கூடம் ஒன்று ஆரம்பித்தார். வீட்டிலேயே வெங்காயத் தோல், செண்டுமல்லி, மாதுளை ஓடு கொண்டு சாயம் போடுகிறவர்கள் பெங்களூரிலும் மைசூரிலும் சென்னையிலும் அப்போதே இருந்தார்கள். அவர்களுக்குச் சாயம் பிடிக்கும் துணி கிடைப்பதில்லை. கடைத் துணியில் பாதி பாலியெஸ்டர், மீதி ரசாயனப் பசை. வெளுக்காத கைத்தறித் துணியை வாங்கி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் வேகவைத்து அலசி, கடுக்காயிலும் படிகாரத்திலும் ஊறப்போட்டுக் காயவைத்து அனுப்புவது எங்கள் வேலை. நான் முதலில் அலசத்தான் சேர்ந்தேன். பிறகு மேடம் என்னைத் துணி வாங்கக் கூட்டிப்போக ஆரம்பித்தார். கற்றுக்கொண்டேன் என்று சொல்வதைவிட, கூடவே நடந்தேன் என்று சொல்லலாம்.

மேடத்துக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. கட்டைக் குரல். புதுத் துணியைக் கையில் எடுத்ததும் தடவிப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பல் விரலில் மாவாகப் போனால் பருத்தி. முடி பொசுங்குகிற நாற்றம் வந்தால் பட்டு. உருகி உருண்டையாகத் திரண்டு நின்றால் பாலியெஸ்டர், எழுந்து நடக்க வேண்டியதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உருண்டு ஓடுகிறதா உள்ளே இறங்குகிறதா என்று பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால், "இருக்கட்டும்" என்பார். அதற்கு மேல் அவர் எந்தத் துணியையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

யார் வீட்டுக்குப் போனாலும் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தாகத்துக்கு இல்லை. தண்ணீர் எடுக்க அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள், கிணறு எங்கே, சாக்கடை எங்கே கலக்கிறது, சமையலறையில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு சொம்புத் தண்ணீரில் அவருக்குத் தெரிந்துவிடும்.

கோலார் பக்கத்து வியாபாரி ஒருவர் புழுவைக் கொல்லாத பட்டு தருகிறேன் என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார். பட்டுப்பூச்சி கூட்டை உடைத்து வெளியேறிய பிறகு மிச்சமிருக்கும் கூட்டிலிருந்து நூற்ற பட்டு என்றால் வாங்க ஆட்கள் இருந்தார்கள். மூட்டையைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கூட்டிலும் ஓட்டை இருந்தது. மேடம் ஒன்றை எடுத்து ஓட்டையின் விளிம்பைப் பார்த்தார். பூச்சி தன் எச்சிலால் நனைத்து முட்டி வெளியேறினால் விளிம்பு பஞ்சுபோலப் பிரிந்து, லேசாகப் பழுப்புக் கறையோடு இருக்கும். இது கோடு போட்டதுபோல் சுத்தமாக இருந்தது. பிறகு அந்தக் கூட்டை என் காதருகே வைத்து ஆட்டினார்.

"இன்னா கேக்குது வசந்தா?"

"புளியங்கொட்ட மாதிரி உருளுது மேடம்."

"கொட்டை இல்ல அது."

குனிந்து மூட்டையின் வாயைப் பிடித்து மொத்தமாக ஒரு குலுக்கு குலுக்கினார். அத்தனை கூடுகளுக்குள்ளும் செத்துக் காய்ந்த புழுக்கள் ஒரே நேரத்தில் உருண்டன. தூரத்தில் மழை வருகிற மாதிரி ஒரு சத்தம். வெயிலில் போட்டுக் கொன்றுவிட்டு, பிளேடால் ஓட்டை போட்டிருக்கிறார்கள். வியாபாரி ஏதோ பேசத் தொடங்கினார். மேடம் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சத்தம் என் காதில் இருந்தது. வெகுநாள் எள்ளைப் புடைக்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

நாராயணப்பா இதற்கெல்லாம் நேரெதிர். பேத்தமங்களா ஏரியைத் தாண்டி, ஊருக்கு வெளியே தனியாக இருந்தது அவர் வீடு. தெலுங்கு பேசும் நெசவுக்காரர். எங்களிடம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். கையால் நூற்ற நூல், நூலுக்குப் போடக் கேழ்வரகுக் கஞ்சி, சொந்தக் கிணறு. கஞ்சித் தண்ணீர் போய்ச் சேருவது கத்தரிப் பாத்திக்கு. வீட்டில் குழந்தைகளே இல்லை. படுக்கை விரிப்புக்கான அகலத் துணியை அவரைப்போல் கரை பிசகாமல் நெய்து கொடுத்தவர் யாருமில்லை. முதல் முறை அதைக் கன்னத்தில் வைத்தபோது மேடம் கண்ணைத் திறக்கவே நேரமாயிற்று.

"இருக்கட்டும்" என்றார்.

தறி உள்ளறையில். எங்களை அங்கே விட மாட்டார். "தம்பி நெய்யறான் மேடம். ஆளுங்க மொகம் பாத்தா அவனுக்குக் கூச்சம். கை நின்னுபூடும்" என்பார். துணியை அவரே உள்ளேயிருந்து தோளில் சுமந்து வந்து வாசல் கட்டிலில் பிரித்துப் போடுவார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்கும்.

சில மாதங்கள் போனபிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நாராயணப்பா பேசும்போது தறி ஓடிக்கொண்டே இருக்கும். நான் வாயைத் திறந்தால் நின்றுவிடும். நான் நிறுத்தினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடும். மேடம் பேசினாலும் அப்படித்தான். ஒருமுறை சோதித்துப் பார்க்கவே, கத்தரிக்காய் என்ன விலை என்று சும்மா கேட்டேன். டக்கென்று நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு என் குரலைக் கேட்பது போலிருந்தது.

பஸ்ஸில் மேடத்திடம் சொன்னேன்.

"கவனிச்சேன்" என்றார்.

வாங்கும் துணியில் ஒரு முழம் வெட்டிச் சாயம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை அனுப்புவோம். முழுத் துணிக்குச் சாயம் போடுவது எங்கள் வழக்கமில்லை. அந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம், கல்யாண வீட்டுக்கு விரிப்புகள் எல்லாம் ஒரே சிவப்பாக வேண்டும், நீங்களே போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாராயணப்பாவின் துணி வெட்டாமல் முழு நீளத்துக்கும் தொட்டிக்குள் போனது அப்போதுதான்.

மஞ்சிட்டி வேரை அரைத்து ஊறவைத்து, மெதுவான சூட்டில் துணியைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்க விட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். கன்னியம்மாளும் லூர்து மேரியும் கழி போட்டுப் புரட்டினார்கள். இருவரும் என் வயசுக்காரிகள், சுரங்க லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள். மத்தியானம் துணியை எடுத்து அலசி, பின்னாலிருந்த வெளியில் கொடி கட்டி விரித்தோம். அங்கே நின்றால் எதிரில் சயனைடு மேடு தெரியும். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மண் மலை. அன்று காற்றில் அதன் தூசி மெல்லியதாகப் பறந்துகொண்டிருந்தது.

கன்னியம்மாள் கையிலிருந்த கழி கீழே விழுந்தது.

துணியில் ஒரு பெண் படுத்திருந்தாள்.

வரைந்ததுபோல் இல்லை. சிவப்புக்குள் இன்னும் அடர்ந்த சிவப்பாக, தோள், வளைந்த முதுகு, இடுப்பு, வயிற்றோடு மடக்கிய முழங்கால்கள், தலைக்கு அடியில் கொடுத்த ஒரு கை. ஆள் அளவு. துணியின் மடிப்பு விரிய விரிய அவள் மறுபடி மறுபடி வந்தாள். ஒரு மடிப்பில் இந்தப் பக்கம் திரும்பி, அடுத்ததில் அந்தப் பக்கம் திரும்பி, வரவர மங்கலாக. கொடியின் கடைசியில் தோளும் இடுப்பும் மட்டும் நிழல் மாதிரி நின்றன.

அந்த நேரம் பார்த்துத் தரை ஒரு தடவை அதிர்ந்தது. எங்கள் ஊரில் அது புதிதில்லை. அடியில் எங்கோ பாறை வெடித்தால் மேலே பாத்திரம் குலுங்கும், ஜன்னல் நடுங்கும். ராக் பர்ஸ்ட் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று கொடி ஆடியது. துணியிலிருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை மூச்சு விட்டதுபோல் இருந்தது. லூர்து மேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது சுடுகாட்டுத் துணி மேடம்" என்றாள் கன்னியம்மாள். "பொணத்துமேல போத்தினத எடுத்தாந்து வித்துக்கினு கீறான் அந்த ஆளு. நான் தொட்டுட்டேனே. வூட்ல புள்ளைங்க கீதுங்க எனக்கு."

மேடம் துணியின் மிக அருகில் போய் நின்றார். கையால் தொடாமல், அந்த முதுகுக்கு மேலே காற்றில் விரலை ஓட்டினார். பிறகு ஸ்டோருக்குள் போய், அதே வீட்டிலிருந்து வந்த, இன்னும் அலசாத துணியொன்றை எடுத்து, நடுமடிப்பில் முகத்தைப் புதைத்து முகர்ந்தார்.

"புங்க எண்ணெய்" என்றார். "புண்ணுக்குப் போடறது. துணியில ஊறின எண்ணெய் வேகவச்சாலும் முழுசாப் போகாது. அந்த எடத்துல மஞ்சிட்டி ஜாஸ்தி ஏறும். போத்தின துணியா இருந்தா இப்படி அடுக்கு அடுக்கா கீழ எறங்காது. அடுக்கின துணிமேல யாரோ படுத்திருக்காங்க. பல நாள்."

"செத்தவங்களா மேடம்?" என்றேன். அதைக் கேட்டது நான்தான்.

அவர் அந்தத் துணியையும் அலசிப் படிகாரத்தில் முக்கித் தொட்டியில் போடச் சொன்னார். மற்ற இருவரும் கிட்டே வரவில்லை. நானும் மேடமும் புரட்டினோம். வெளியே எடுத்து விரித்தபோது அதிலும் அவள் இருந்தாள். இதில் மல்லாந்து, கால் நீட்டி, ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தாள்.

"செத்தவங்க பொரண்டு படுக்க மாட்டாங்க" என்றார் மேடம்.

மறுநாள் காலை பேத்தமங்களாவுக்குப் பஸ் ஏறினோம். நிறுத்தத்தில் இறங்கியதும் மேடம் டீக்கடையில் உட்கார்ந்தார். கடைக்காரரிடம் பேச்சோடு பேச்சாக, நாராயணப்பாவின் தம்பி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்.

"தம்பியா? அந்தாளுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லீங்களே."

"அப்ப வீட்டுல யாரு?"

"யாரும் இல்ல. ஒண்டி ஆளு. சம்சாரம் சாந்தம்மா செத்து வருசமாச்சு. ஒடம்புக்கு முடியலன்னு கோலார் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனான். திரும்பி வரும்போது அவன் மட்டும்தான் வந்தான். அங்கேயே காரியம் முடிச்சுட்டானாம். கருமாதி சோறு நானும் துன்னேன்." டீயை ஆற்றியபடி அவர் இன்னொன்றும் சொன்னார். "அதுக்கப்புறம் பாருங்க, துணி அப்படி நெய்யறான் மனுஷன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஏரிக்கரை வழியாக நடந்தோம். உச்சி வெயில். வயலில் ஒரு ஆள் இல்லை. வீடு கண்ணில் படுவதற்கு முன்பே தறிச் சத்தம் வந்துவிட்டது. நான் மேடத்தின் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பையை உதறவில்லை.

நாராயணப்பா வழக்கம்போல் வாசலில் இருந்தார். "ரண்டி மேடம், ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று எழுந்து கட்டிலைத் தட்டிப் போட்டார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. மேடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனதும், மேடம் எழுந்து நேராக உள்ளே போய்த் தறி அறைக் கதவின் முன் நின்றார். நான் கதவில் பூட்டைத் தேடினேன். வெளிப்பக்கம் பூட்டுமில்லை, தாழ்ப்பாளுமில்லை.

மேடம் விரலால் தட்டினார். தறி நின்றது.

"சாந்தம்மா" என்று கூப்பிட்டார்.

உள்ளே ஏதோ தரையில் உரசி நகர்ந்தது. வெகு நேரத்துக்குப் பிறகு, நீண்டநாள் பேசாத தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எவரு?"

"உங்க துணிய வாங்கறவ."

கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் விலகியது.

அறையில் ஜன்னல் இல்லை. கூரையில் ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் தறிமேல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவள் அந்த வெளிச்சத்துக்கு வெளியே நின்றாள். சிறிய உருவம். முக்காடு போட்டிருந்தாள். கை விரல்கள் பாதியாகக் குறைந்து உள்பக்கம் வளைந்திருந்தன. தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை இழுக்கும் கயிற்றை வலது மணிக்கட்டில் துணிப்பட்டையால் கட்டியிருந்தாள். மிதிபலகையில் வைக்கும் பாதங்கள் இரண்டிலும் கந்தை சுற்றியிருந்தது. தொழுநோய் என்று எனக்குப் புரிந்தது. காலைப் பின்னால் எடுத்து வைத்தேன். சுவர் ஓரம் பலகைமேல் வெள்ளைத் துணி இடுப்பு உயரம் அடுக்கியிருந்தது. மேல் மடிப்பில் ஆள் படுத்து எழுந்த பள்ளம் தெரிந்தது.

மேடம் உள்ளே போனார். எந்த நெசவாளியிடமும் கேட்பதுபோலவே கேட்டார்.

"இந்தத் துணியெல்லாம் நீங்க நெய்ஞ்சதா?"

"ஆமா."

"ஏன் துணிமேல படுக்கிறீங்க?"

அவள் பாதத்தைப் பார்த்தாள். "கீழ படுத்தா எலி கடிக்குதும்மா. கடிச்சா எனக்குத் தெரியமாட்டேங்குது. காலைல ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியுது. அந்த அடுக்குமேல ஏற மாட்டேங்குது. சுத்தமா எண்ணெய் தொடச்சுட்டுத்தான் படுப்பேன். கறை ஆயிடுச்சா?"

பின்னால் சொம்பு தளும்பும் சத்தம் கேட்டது. நாராயணப்பா கதவருகே நின்றிருந்தார்.

"நீதான் இவங்கள செத்துட்டாங்கன்னு சொன்னியா?" என்றார் மேடம். அவர் எவரையும் ஒருமையில் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அவர் வாய் திறக்கும் முன் அவள் சொன்னாள். "அவரா சொல்லலம்மா. நான்தான் சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனோம். அங்க நம்ம ஊருக்காரங்க யாரோ நின்னாங்க. நான் உள்ள போவலன்னுட்டேன். இது வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள நடக்க விடமாட்டாங்க, துணிய ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. நான் செத்துட்டேன்னு சொல்லிடு, உள்ள உக்காந்து நெய்யறேன்னு சொன்னேன். இருட்டுனப்புறம் திரும்பி வந்தோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "கருமாதி அன்னிக்கு இங்கதான் உக்காந்திருந்தேன். எல்லாரும் என்னப் பத்தி நல்லாத்தான் பேசுனாங்க."

நாராயணப்பா சொம்பைப் பிடித்தபடியே அழுதார். "இனிமே வாங்க மாட்டீங்க இல்ல மேடம்" என்றார்.

மேடம் அவர் கையிலிருந்து சொம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்தார். மிச்சத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடித்தேனா என்று நினைவில்லை.

அந்த இடத்தில் மேடம் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மனுஷியை இருட்டறையில் வைத்து நெய்த துணியை, யாருக்கும் கெடுதல் இல்லாத துணி என்று சொல்லி விற்றிருக்கிறோம். வாங்காமல் எழுந்து வந்தால் எங்கள் கை சுத்தமாகிவிடும். அவள் அந்த அறையிலேயே இருப்பாள், சாப்பாட்டுக்கும் வழியில்லாமல். பட்டு வியாபாரியிடமிருந்து வெளியேறியதுபோல் இங்கிருந்து வெளியேற முடியாது. மேடம் தறியில் பாதி நெய்திருந்த துணியில் கையை வைத்தார்.

"இந்த ரூம்ல நெய்ஞ்ச துணி இனிமே எனக்கு வேணாம்" என்றார் கடைசியில். "ஜன்னல் வச்ச ரூம்ல, கட்டில்ல தூங்கி எழுந்து நெய்ஞ்சு குடுத்தா வேணும். அதுக்கு முன்னால ஆஸ்பத்திரி. நானும் கூட வரேன்."

கோலார் ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் அவள் கைகளைத் தன் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இறகால் தொட்டு எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று கேட்டார். மாத்திரை தருகிறேன், ஒழுங்காகச் சாப்பிட்டால் வியாதி போய்விடும், சாப்பிட ஆரம்பித்துவிட்டாலே அடுத்தவருக்குத் தொற்றாது, போன விரல் மட்டும் வராது என்றார். பெயரை எழுதுகிறவர் கேட்டபோது நாராயணப்பா தயங்கினார். அவளே முக்காட்டை விலக்கி, "சாந்தம்மா" என்று சொன்னாள்.

ஊர் அவளை ஏற்கவில்லை. ஏரிக்கரையில் அவளைப் பார்த்த ஒருத்தி குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். வியாதிக்குப் பயந்து சிலர், செத்துப் பிழைத்தவள் என்று சிலர். கருமாதி சோறு சாப்பிட்ட வீடுகளில் ஏதோ சாந்தி செய்தார்களாம். அங்கே இருக்க முடியாமல் தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு சாம்பியன் ரீப்ஸுக்கு வந்தார்கள். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன லைன் வீடுகள் நிறைய இருந்தன. மேடம் ஒன்றைப் பேசி வாங்கிக் கொடுத்தார். இரண்டு ஜன்னல்.

எங்கள் கூடத்திலும் கதை எளிதாக முடியவில்லை. கன்னியம்மாள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். லூர்து மேரி வந்தாள், ஆனால் அந்த வீட்டுத் துணியைக் கழியால் மட்டும் தொடுவாள். மேடம் யாரையும் திட்டவில்லை. டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, அந்தத் துணியைத் தானே அலசினார். சில வாரம் கழித்துக் கன்னியம்மாள் திரும்பி வந்தாள். நேரே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். என்னைக் கேட்டால், நானும் அவர்களைப் போலத்தான். துணியை வாங்கிவர அந்த லைன் வீட்டுக்குப் போவேன், வாசற்படியில் நின்றே பேசுவேன். அவள் துணியை நேர்த்தியாக மடித்துப் பலகைமேல் வைத்துவிட்டு விலகிப்போவாள். பிறகு நான் எடுத்துக்கொள்வேன். இது பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை.

அந்தச் சிவப்புத் துணிகளை யாருக்கும் அனுப்பவில்லை. சென்னைக் குடும்பத்துக்கு வேறு துணியில் போட்டுக் கொடுத்தோம். இவை ஸ்டோர் கம்பியில் தொங்கின. உள்ளே போகும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போவோம்.

மழை விட்டிருந்த ஒரு நாள் முற்பகலில் சாந்தம்மா தானே கூடத்துக்கு வந்தாள். முக்காடு இல்லை. காலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் செருப்பு.

"என் கறை பட்ட துணிய வச்சிருக்கீங்களாமே. பாக்கணும்" என்றாள்.

மேடம் துணியைக் கொண்டுவந்து கொடியில் விரித்தார். கன்னியம்மாளும் லூர்து மேரியும் வேலையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். சாந்தம்மா முன்னால் போய் நின்று, ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துக்கொண்டே கொடியின் நீளத்துக்கும் நடந்தாள். மங்கிப்போன கடைசி உருவம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"இவ்ளோ சின்னதாவா படுத்திருந்தேன்?" என்றாள்.

கொடியிலிருந்து திரும்பி மேடத்தைப் பார்த்தாள்.

"இத மூடிடணும்மா. கறுப்பு போட முடியுமா?"

முடியும். கடுக்காய்ச் சாறு ஏறிய துணியைத் துருப்பிடித்த இரும்பு ஊறிய தண்ணீரில் போட்டால் எந்த நிறமும் கறுத்துவிடும். அன்று தற்செயலாக ஒரு தொட்டியில் கடுக்காய் கொதித்துக்கொண்டிருந்தது. மேடம் தலையசைத்தார். சாந்தம்மா கொடியிலிருந்து துணியைத் தோளால் தள்ளி, இரண்டு முன்கைகளிலும் அள்ளிக்கொண்டு தொட்டியிடம் போனாள். யாரையும் எதிர்பார்க்கவில்லை. துணியை உள்ளே போட்டாள். அது காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே உப்பி வந்தது. ஒரு முதுகு தண்ணீரிலிருந்து எழுவதுபோல் இருந்தது. அதை அமுக்குவதற்காக அவள் கையை நேராகக் கொதிக்கிற தொட்டிக்குள் கொண்டுபோனாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தடுமாறிச் சுவரில் போய் மோதினோம். விரல் நுனிகள் மட்டும் தண்ணீரில் பட்டிருந்தன. கன்னியம்மாள் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, அந்தக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினாள். "கொதிக்குது தெரியலியா உனக்கு? இன்னா பொம்பள நீ" என்று கத்தினாள். கத்திக்கொண்டே விடாமல் பிடித்திருந்தாள்.

சாந்தம்மா வாளியைப் பார்க்கவில்லை. நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு மேலே, கயிறு கட்டிக் கட்டித் தழும்பேறிய மணிக்கட்டு.

"இங்க தெரியுதும்மா" என்றாள் என்னிடம். "நீ புடிச்சது தெரியுது."